இரைப்பைக்குள் ஒரு வரலாறு: ஹாகிஸும் இழிவாக்கப்பட்ட உணவுகளும்

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 25ஆம் நாள் இரவு, ஸ்காட்லாந்திலும் ஸ்காட்லாந்தியர் குடியேறிய கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளிலும் ஒரு விருந்து நடைபெறுகிறது. பேக்பைப் இசை முழங்க, விருந்தினர் எழுந்து நிற்க, ஒரு தட்டு ஊர்வலமாக மண்டபத்துக்குள் கொண்டுவரப்படுகிறது. ஒருவர் அத்தட்டை நோக்கி எட்டுப் பத்திகள் கொண்ட கவிதையொன்றைச் சொல்கிறார். கவிதையின் குறிப்பிட்ட ஓரிடம் வந்ததும் கத்தியை எடுத்துத் தட்டில் இருப்பதைக் கீறித் திறக்கிறார். ஆவி பறக்கிறது, கைதட்டல் எழுகிறது, விஸ்கிக் கோப்பைகள் உயர்கின்றன. இத்தனை மரியாதையும் பெறும் அப்பண்டம், ஆட்டின் ஈரலும் இதயமும் நுரையீரலும் அடைத்து வேகவைத்த ஆட்டு இரைப்பை. அதன் பெயர் ஹாகிஸ்.

உள்ளுறுப்புகளை உண்ணாத இறைச்சி உண்ணும் சமூகம் உலகில் அரிது. குடலும் ஈரலும் இரத்தமும் தலையும் காலும் எங்கெங்கும் உணவாகியிருக்கின்றன. ஆயினும் ஒரே உறுப்பு ஒரு நாட்டில் தேசத்தின் பெருமிதமாகிறது. இன்னொரு நாட்டில் அதை உண்டவரை இழிவுபடுத்துவதற்கான சான்றாகிறது. சமையல் முறையில் பெரிய வேறுபாடு இல்லாதபோது, மதிப்பில் மட்டும் இத்தனை தொலைவு எவ்வாறு உண்டாயிற்று? ஹாகிஸின் வரலாற்றை விரிவாகப் பார்த்து, பிற நாட்டு எளிய மக்களின் சில உணவுகளோடு அதை ஒப்பிட்டு, இக்கேள்விக்கு விடை தேட முயல்வோம்.

ஹாகிஸ் என்பது என்ன?

ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் ஆகிய மூன்றையும் முதலில் வேகவைக்கிறார்கள். பின்னர் அவற்றைப் பொடியாகக் கொத்தி, வெங்காயம், உப்பு, மிளகு முதலிய மசாலாக்கள், ஆட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கெட்டிக் கொழுப்பு, ஓட்ஸ் குருணை ஆகியவற்றோடு கலந்து, வேகவைத்த நீரைக் கொஞ்சம் ஊற்றிப் பிசைகிறார்கள். கழுவிச் சுத்தம் செய்த ஆட்டு இரைப்பையில் இக்கலவையை முக்கால் பங்கு நிரப்பித் தைத்து, மேலும் சில மணி நேரம் கொதிநீரில் வேகவிடுகிறார்கள். ஓட்ஸ் நீரை உறிஞ்சி ஊதிப் பெருகும் என்பதால் முழுவதும் நிரப்புவதில்லை. நிரப்பினால் பை வெடித்துவிடும். மசித்த உருளைக்கிழங்கும் மசித்த மஞ்சள் டர்னிப் கிழங்கும் இதற்குத் துணை உணவுகள். இன்று கடைகளில் விற்கும் ஹாகிஸில் இரைப்பைக்கு மாற்றாகச் செயற்கை உறையே பெரும்பாலும் பயன்படுகிறது.

சுவையைப் பொறுத்தவரை, ஈரல் வறுவலுக்குப் பழகிய தமிழ் நாவுக்கு ஹாகிஸில் அச்சுறுத்தும் எதுவும் இல்லை. உதிரி உதிரியான பதம், ஈரலின் மெல்லிய கசப்பு, மிளகின் காரம், வறுத்த தானியத்தை நினைவூட்டும் ஓட்ஸின் மணம் ஆகியவை சேர்ந்த உணவு அது. நம் ஊர்களில் குடல் கறியும் இரத்தப் பொரியலும் தலைக்கறியும் சுவரொட்டியும் சமைக்கப்படும் வீடுகளில் வளர்ந்தோருக்கு அதன் தத்துவம் உடனே விளங்கும். கொன்ற விலங்கில் எதையும் வீணாக்கக் கூடாது என்பதே அந்தத் தத்துவம்.

அத்தத்துவத்துக்குப் பின்னே ஒரு கட்டாயமும் இருந்தது. தசைக்கறியை உப்பிட்டும் உலர்த்தியும் புகையூட்டியும் பல வாரங்கள் வைத்திருக்கலாம். உள்ளுறுப்புகள் அவ்வாறு தாங்குவதில்லை. அறுத்த அன்றோ மறுநாளோ சமைத்தாக வேண்டும். உலோகப் பாத்திரம் அரிதாக இருந்த காலத்தில் விலங்கின் இரைப்பையே கையில் கிடைத்த பாத்திரமாயிற்று. கறி கொஞ்சம், உண்போர் பலர் என்ற நிலையில் தானியத்தைச் சேர்த்து அளவைப் பெருக்கினார்கள். ஸ்காட்லாந்தின் குளிரும் மழையும் மிகுந்த நிலத்தில் கோதுமை சரிவர விளையவில்லை, ஓட்ஸ் விளைந்தது. ஆகவே ஓட்ஸ் உள்ளே போயிற்று. வறுமையும் தட்பவெப்பமும் அறிவும் கூடி எழுதிய சமையல் குறிப்பு இது.

ஒரு காலத்தில் இங்கிலாந்தின் உணவும்கூட

ஹாகிஸ் தொடக்கம் முதலே ஸ்காட்லாந்துக்கு மட்டும் உரிய உணவாக இருந்தது என்று பலர் கருதுகிறார்கள். கிடைக்கும் பழைய எழுத்துச் சான்றுகள் வேறு செய்தியைத் தருகின்றன. ஏறத்தாழ 1430ஆம் ஆண்டளவில் வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் எழுதப்பட்ட ஒரு செய்யுள் சமையல் நூலில் இப்பெயரை ஒத்த உணவு இடம்பெறுகிறது. 1615இல் கெர்வாஸ் மார்க்கம் வெளியிட்ட ஆங்கில இல்லத்தரசிகளுக்கான கையேடும் ஹாகிஸைக் குறிப்பிடுகிறது. அதாவது, இங்கிலாந்து மக்களும் இதைச் சமைத்துண்டார்கள்.

இங்கிலாந்தின் வசதி படைத்த வகுப்பினர் மெல்ல மெல்ல இதைக் கைவிட்டபோது, ஸ்காட்லாந்தின் எளிய மக்களிடம் இது நிலைத்து நின்றது. அதன்பின் ஹாகிஸ் ஒரு கேலிப் பொருளாயிற்று. ஸ்காட்லாந்தியரின் வறுமையையும் ‘நாகரிகமின்மையையும்’ காட்டும் அடையாளமாக ஆங்கிலேயர் அதைப் பேசத் தொடங்கினார்கள். ஓட்ஸுக்கும் இதே கதிதான். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் புகழ்பெற்ற ஆங்கில அகராதி, ஓட்ஸ் என்ற சொல்லுக்குப் பொருள் தரும்போது, இங்கிலாந்தில் குதிரைக்குப் போடும் தானியம் ஸ்காட்லாந்தில் மனிதரைத் தாங்குகிறது என்னும் கருத்தில் ஸ்காட்லாந்தியரைச் சீண்டியது. ஓர் அகராதியில், தானியம் ஒன்றின் பொருள் விளக்கத்துக்குள்ளேயே ஒரு மக்கள் கூட்டத்தைத் தாழ்த்திவிட முடிந்தது. உணவைச் சொல்லி மனிதரை அளக்கும் வழக்கம் எத்தனை இயல்பாக அறிவுலகத்துக்குள் நுழைந்திருந்தது என்பதற்கு இது ஒரு சான்று.

கேலியைத் திருப்பிய கவிதை

இச்சூழலில்தான் ராபர்ட் பர்ன்ஸ் வருகிறார். 1759 ஜனவரி 25 அன்று தென்மேற்கு ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர் பகுதியில் அலோவே என்னும் ஊரில் பிறந்தவர். தந்தை குத்தகை விவசாயி. குத்தகை தொடர்பாக நிலவுடைமையாளரோடு நடந்த நீண்ட வழக்கில் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தபோது அவரிடம் பொருளும் இல்லை, உடல்வலுவும் இல்லை; 1784இல், தீர்ப்பு வந்த சில வாரங்களிலேயே அவர் இறந்தார். இளம் வயதிலிருந்தே ஏர் பிடித்த பர்ன்ஸ், 1786 டிசம்பரில் எடின்பரோவின் செய்தித்தாள் ஒன்றில் ஹாகிஸை முன்னிலைப்படுத்திப் பேசும் கவிதையை வெளியிட்டார்.

அக்கவிதை செய்த வேலை குறிப்பிடத்தக்கது. ஹாகிஸை எல்லா இறைச்சிப் பலகாரங்களுக்கும் தலைவன் என்று அது வாழ்த்துகிறது. அக்காலத்து மேட்டுக்குடியினர் விரும்பி உண்ட பிரெஞ்சு பாணிக் குழம்பு வகைகளை ஏளனம் செய்கிறது. அவற்றை உண்டு வளர்ந்தவரின் மெலிந்த கால்களையும், ஹாகிஸ் உண்டு வளர்ந்த நாட்டுப்புறத்தானின் வலிமையையும் எதிரெதிரே நிறுத்துகிறது. கேலிக்குரியவர் யார் என்னும் கேள்வியின் திசையை அது மாற்றிவிட்டது. இதைப் பர்ன்ஸ் எழுதிய மொழியும் கவனத்துக்குரியது. எடின்பரோவின் படித்த கனவான்கள் தங்கள் பேச்சிலிருந்து ஸ்காட்ஸ் மொழிச் சொற்களைக் களைந்துகொள்ளப் பாடுபட்ட காலத்தில், அவர் உழவர் பேசிய ஸ்காட்ஸ் மொழியிலேயே எழுதினார். தாழ்த்தப்பட்ட உணவையும் தாழ்த்தப்பட்ட மொழியையும் ஒரே கவிதையில் அவர் தலைநிமிரச் செய்தார்.

பர்ன்ஸ் 1796இல் தம் 37ஆம் வயதில் இறந்தார். அவர் இறந்து ஐந்தாண்டு நிறைவில், 1801 ஜூலையில், நண்பர்கள் சிலர் அலோவேயில் அவர் பிறந்த குடிசையில் கூடி உண்டார்கள். உணவுகளில் ஹாகிஸும் இருந்தது. அதுவே பின்னர் பிறந்தநாளுக்கு மாறி, உலகெங்கும் பரவிய பர்ன்ஸ் விருந்தாயிற்று.

இவ்விடத்தில் இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். அதே 1786ஆம் ஆண்டில் பர்ன்ஸ் ஜமைக்காவின் கரும்புத் தோட்டமொன்றில் கணக்குப்பிள்ளை வேலைக்குச் செல்ல ஏற்பாடு செய்திருந்தார். அடிமைத் தோட்டங்களில் அவ்வேலை, அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கரின் உழைப்பை மேற்பார்வை செய்வதையும் உள்ளடக்கியது. 1786 ஜூலையில் கில்மார்னக் நகரில் 612 படிகள் அச்சான அவருடைய முதல் கவிதைத் தொகுப்புக்குக் கிடைத்த வரவேற்பால் அப்பயணம் நின்றது. தன் நாட்டு உழவனின் தட்டுக்கு மரியாதை கேட்ட ஒருவர், கடலுக்கு அப்பால் இன்னொரு மக்களின் அடிமைத்தனத்தால் பிழைக்கவும் ஆயத்தமாக இருந்தார். ஒடுக்கப்பட்ட நிலை ஒருவரைத் தானாகவே எல்லா ஒடுக்குமுறைக்கும் எதிரானவராக்கிவிடாது என்பதை நினைவில் வைத்து மேலே செல்வோம்.

ஆடு யாருக்கு, குடல் யாருக்கு?

ஹாகிஸின் பெருமையைப் பேசும் சுற்றுலா விளம்பரங்களில் இடம்பெறாத ஒரு வரலாறு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவுக்குப் பின்னும், ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாட்டிலும் தீவுகளிலும் வாழ்ந்த குடியானவர்கள் தம் ஊர்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வெளியேற்றப்பட்டார்கள். மனிதருக்குக் குத்தகை விடுவதைக் காட்டிலும் கம்பளிக்கும் கறிக்கும் செம்மறி வளர்ப்பது நிலவுடைமையாளருக்கு ஆதாயமாக இருந்ததே இதற்கு முதன்மைக் காரணம். 1792ஆம் ஆண்டை மலைநாட்டார் ‘ஆடுகளின் ஆண்டு’ என்று அழைத்தார்கள். ராஸ் பகுதி மக்கள் ஆட்டு மந்தைகளை ஓட்டிச் சென்று தம் நிலத்தைவிட்டு விரட்ட முயன்ற ஆண்டு அது.

1814இல் சதர்லாந்தின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் நடந்த வெளியேற்றம் மிகக் கொடியதாகப் பேசப்படுவது. பண்ணை அதிகாரியான பேட்ரிக் செல்லர் தலைமையில் வீடுகளின் கூரைகள் பிரித்துத் தீயிடப்பட்டன. மரணங்களுக்குக் காரணமானார் என்று 1816இல் அவர்மீது வழக்கு நடந்தது. இன்வெர்னஸ் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மக்களை விரட்டிய நிலத்தில் ஆட்டுப் பண்ணைக் குத்தகை எடுத்தவர்களில் செல்லரும் ஒருவர்.

இதே காலத்தில்தான் ஸ்காட்லாந்தின் ‘பாரம்பரியம்’ மேட்டுக்குடியினரின் கொண்டாட்டப் பொருளாக மாறியது. 1746இல் எழுச்சி ஒடுக்கப்பட்ட பின்னர் மலைநாட்டு உடை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது; 1782இல் தடை நீங்கியது. 1822இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்காட் வகுத்த ஏற்பாட்டின்படி அதே உடையை மன்னரே அணிந்து தோன்றினார். மலைநாட்டு மக்கள் வீடிழந்து கப்பலேறிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அவர்களின் உடையும், தாழ்நிலத்து உழவர் கவிஞன் பாடிய உணவும் சேர்ந்து ஒரு தேசத்தின் அடையாளமாயின. அந்த அடையாளத்தின் மேசையில், வெளியேற்றப்பட்டவருக்கு இடமில்லை. அவர்களுக்கு ஓரளவேனும் நிலப் பாதுகாப்பு கிடைத்தது விருந்துகளால் அன்று. 1882இல் ஸ்கை தீவின் பிரேஸ் பகுதி மக்கள் காவலரை எதிர்த்து நின்றது முதலான போராட்டங்களுக்குப் பின்னர், 1886ஆம் ஆண்டுச் சட்டம்தான் சிறு குடியானவர்களுக்குக் குத்தகை உரிமையை உறுதி செய்தது.

ஸ்காட்லாந்தின் பிற எளிய உணவுகளிலும் இதே கேள்வி பதிந்திருக்கிறது. வடக்குக் கடற்கரையிலும் தீவுகளிலும் மீனவக் குடும்பங்கள், மீனின் சதைப் பகுதியை விற்றுவிட்டு, மிஞ்சிய தலைக்குள் ஓட்ஸையும் கொழுப்பையும் வெங்காயத்தையும் மீன் ஈரலையும் அடைத்து வேகவைத்து உண்டன. செம்மறித் தலையை மயிர் பொசுக்கி, வாற்கோதுமையோடு காய்ச்சும் சாறும் அங்கு உண்டு. இரத்தத்தையும் ஓட்ஸையும் கலந்து செய்யும் ஸ்டோர்னோவே இரத்தப் பணியாரத்துக்கு 2013இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. தலை, இரத்தம், இரைப்பை ஆகிய மிஞ்சிய பகுதிகளிலிருந்துதான் இச்சமையல் பிறந்தது. சதை சந்தைக்குப் போயிற்று.

ஐந்தாம் கால்பங்கு

இத்தாலியின் ரோம் நகரில் இவ்வகை உணவுக்கு ஒரு பெயரே இருக்கிறது: ‘ஐந்தாம் கால்பங்கு’. அறுத்த மாட்டை நான்கு கால்பங்குகளாகப் பிரித்து வசதி படைத்தோர் வாங்கிய பின்னர் மிஞ்சும் தலை, வால், குடல், இரைப்பை, ஈரல் ஆகியவை ஐந்தாவது பங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டெஸ்டாச்சோ பகுதியில் பெரிய இறைச்சிக்கூடம் கட்டப்பட்டது. அங்கு தோலுரித்த தொழிலாளர் தம் கூலியின் ஒரு பகுதியை இவ்வுறுப்புகளாகவே பெற்றார்கள். அவற்றைச் சுற்றியிருந்த சிறு உணவகங்களில் கொடுத்துச் சமைக்கச் செய்தார்கள். தக்காளியில் மெதுவாக வேகும் மாட்டுவால் குழம்பு அவ்வாறு புகழ்பெற்றதே. இறைச்சிக்கூடம் 1975இல் மூடப்பட்டது. அதன் கட்டடங்களில் இன்று கலைக்கூடமும் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறையும் இயங்குகின்றன. அங்கே வாலுக்கும் குடலுக்கும் இப்போது உயர்ந்த விலை.

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்தார் ‘இரைப்பை உண்போர்’ என்றே அழைக்கப்படுகிறார்கள். 1415இல் வட ஆப்பிரிக்காவின் செயுத்தாவைக் கைப்பற்றச் சென்ற கப்பல்களுக்கு நகரின் நல்ல கறியையெல்லாம் கொடுத்துவிட்டு, மக்கள் மிஞ்சிய இரைப்பையைச் சமைத்து உண்டனர் என்பது அவ்வூர்க் கதை. வசைச்சொல்லாக இருந்திருக்கக்கூடிய ஒரு பெயரை நகரமே பட்டமாகச் சூட்டிக்கொண்டது. ஸ்காட்லாந்து, ரோம், போர்ட்டோ ஆகிய மூன்றிடத்தும் ஏழைகளின் உணவு எளிதில் மேலேறியதற்கு ஒரு காரணத்தை ஊகிக்கலாம். அங்கு ஏழையும் செல்வனும் ஒரே ‘நாம்’ என்னும் சொல்லுக்குள் சேர்க்கப்பட முடிந்தது. நிறமோ பிறப்போ அச்சொல்லைப் பிளந்த இடங்களில் கதை வேறு.

பன்றிக்குடலும் கறுப்பின மக்களும்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் குளிர்காலம் பன்றி அறுக்கும் காலம். தொடைக்கறியும் முதுகுக்கறியும் தோட்ட முதலாளியின் வீட்டுக்குச் சென்றன. குடல், கால், காது, கழுத்தெலும்பு போன்றவை அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கரின் குடியிருப்புகளுக்கு வந்தன. பன்றிக்குடலைப் பலமுறை கழுவி, உள்ளே ஒட்டியிருப்பதைக் கையால் நீக்கி, பல மணி நேரம் வேகவைத்து அவர்கள் உருவாக்கிய உணவு ‘சிட்லின்’. தென்மாநில வெள்ளையர் ஏழைகளும் இதை உண்டனர். இங்கிலாந்திலும் பன்றிக்குடல் உணவு உண்டு. ஆயினும் அமெரிக்காவில் அது கறுப்பின மக்களைக் குறிக்கும் அடையாளமாகவே ஆக்கப்பட்டது. இனப்பிரிவினைக் காலத்தில் கறுப்பினக் கலைஞர்கள் அச்சமின்றி நிகழ்ச்சி நடத்தக்கூடிய அரங்குகளின் தொடர்க்குக்கூட ‘சிட்லின் சுற்று’ என்றே பெயர் வழங்கியது.

அவ்வுணவைச் சுற்றி எத்தனை வெட்கம் கவிந்திருந்தது என்பதை ரால்ஃப் எல்லிசனின் 1952ஆம் ஆண்டு நாவலான ‘கண்ணுக்குத் தெரியாத மனிதன்’ காட்டுகிறது. அதில் வரும் இளைஞன், தன்னைக் கல்லூரியிலிருந்து வெளியேற்றிய கறுப்பினத் தலைவரை ஊரறிய அவமதிப்பதாகக் கற்பனை செய்கிறான். அவன் கற்பனையில் சுமத்தும் குற்றச்சாட்டு, அவர் மறைவில் சிட்லின் தின்பவர் என்பதே. கல்வியும் பதவியும் பெற்றவரை ஒரு குடல் துண்டு வீழ்த்திவிடும் என்ற எண்ணம், அச்சமூகத்துக்குள்ளேயே ஊன்றப்பட்டிருந்தது.

1960களில் கறுப்பின விடுதலை எழுச்சியோடு இவ்வுணவுகள் ‘ஆன்ம உணவு’ என்னும் பெருமிதப் பெயரைப் பெற்றன. கறுப்பினத்தவருக்கென ஒரு சமையல் மரபே இல்லை என்ற கூற்றுக்குக் கவிஞர் அமிரி பராகா 1962இல் ஒரு கட்டுரையால் விடையளித்தார். ஆனால் எல்லோரும் உடன்படவில்லை. இஸ்லாமிய தேசம் அமைப்பின் தலைவர் எலைஜா முகமது, 1967இல் வெளியான தம் நூலில் பன்றியிறைச்சியை முற்றாக மறுத்தார். அடிமை முதலாளி கொடுத்த உணவுப் பழக்கத்தை விடுவதே விடுதலை என்பது அவர் பக்கத்து வாதம். ஒரே அடிமை வரலாற்றிலிருந்து இரு முடிவுகள் பிறந்தன. ஒன்று, எங்கள் மூதாதையரின் திறமையை மதிப்போம் என்றது. மற்றொன்று, எங்கள்மீது திணிக்கப்பட்டதை உதறுவோம் என்றது. இரண்டும் தன்மானத்தின் குரல்களே.

ஒசாக்காவின் வறுத்த குடல்

ஜப்பானில், விலங்கறுத்தலும் தோல் தொழிலும் பிறப்பால் விதிக்கப்பட்டு, தீட்டுடையோராக ஒதுக்கப்பட்ட மக்கள் புராக்குமின்கள். 1871இல் அரசாணை ஒன்று அவர்களின் இழிநிலையைச் சட்டத்தளவில் ஒழித்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்டது வெளியே அறிவிக்கப்பட்டது. மாட்டிறைச்சி நாகரிகத்தின் சின்னமாயிற்று. ஆனால் தலைமுறை தலைமுறையாக மாட்டை அறுத்தவர்கள்மீதான ஒதுக்கல் தீரவில்லை. 1922இல் அவர்கள் ‘சூய்ஹெய்ஷா’ என்னும் சமத்துவச் சங்கத்தை நிறுவிப் போராட வேண்டியிருந்தது. கறி மேலேறியது, கறியைத் தந்தவர் மேலேறவில்லை.

ஒசாக்கா வட்டாரப் புராக்குமின் குடியிருப்புகளில் ‘அபுராகாசு’ என்ற உணவு உண்டு. மாட்டுக்குடலைத் துண்டாக்கி அதன் கொழுப்பிலேயே வறுத்து, எண்ணெய் வடிந்தபின் எஞ்சும் மொறுமொறுப்பான துண்டுகள் அவை. நெடுங்காலம் அக்குடியிருப்புகளுக்கு வெளியே அறியப்படாதிருந்த இது, அண்மைக் காலத்தில் ஊடோன் நூடுல்ஸ் சாற்றில் சேர்க்கப்பட்டு ஒசாக்காவின் பரவலான கடை உணவாகிவிட்டது. ஒசாக்காவின் புராக்குமின் பகுதியில் பிறந்த எழுத்தாளர் யோஷிஹிரோ உயெஹாரா, 2005இல் ஒடுக்கப்பட்டோரின் உணவு மேசையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள், பிரேசில், ரோமா மக்கள், நேபாளத்தின் தீண்டப்படாதோர் எனப் பல இடங்களுக்குச் சென்று உண்டு, தம் சொந்த ஊர் உணவோடு அவற்றை இணைத்துப் பார்த்த நூல் அது. புதுமையான உணவைச் சுவைக்கச் செல்லும் பயணி ஒருவர் கேட்கக்கூடிய மிக நேர்மையான கேள்வி அந்நூலில் இருக்கிறது: இவர்கள் ஏன் இதை உண்ண நேர்ந்தது?

சாதி மட்டும் ஏன் வேறு?

ஹாகிஸ் உயர்ந்ததுபோல் நம் உணவுகளும் ஒருநாள் தாமாக உயர்ந்துவிடும் என்று முடிவு கட்டுவது எளிது. அம்முடிவு பிழையானது. ஸ்காட்லாந்தின் உழவன் ஏழை என்பதற்காக ஏளனம் செய்யப்பட்டான். அவன் தொட்டதால் தண்ணீர் தீட்டுப்படவில்லை. அவன் செல்வனானால் ஏளனம் தீர்ந்தது. சாதியமைப்பில் உணவு, பிறப்பின் சான்றாகப் பிடித்து வைக்கப்படுகிறது. குடல் கறியைப் பல சாதியினரும் உண்கிறார்கள். கேள்வி கேட்கப்படுவது சிலரிடம் மட்டுமே. கையில் பணமும் பட்டமும் வந்த பின்னும் வாடகை வீட்டின் வாசலில் என்ன சமைப்பீர்கள் என்ற கேள்வி நிற்கிறது.

அண்ணல் அம்பேத்கர் இதை இரண்டு பக்கமிருந்தும் அணுகினார். 1927 மார்ச்சில் மகாடு மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதைக் கைவிடுமாறு தம் மக்களை அவர் அழைத்தார். ஊரின் செத்த விலங்கை அகற்றுவது சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது; அதன் கூலியாகவே அவ்விறைச்சி கிடைத்தது. அந்த ஏற்பாட்டை மறுப்பதே அவ்வழைப்பின் உட்பொருள். 1948இல் வெளியான ‘தீண்டப்படாதோர்’ நூலிலோ, மாட்டிறைச்சி உண்டதையே காரணமாக்கித் தீண்டாமை எவ்வாறு கட்டப்பட்டது என்பதை வரலாற்றுக் கேள்வியாக்கி ஆராய்ந்தார். உண்ணாதே என்பதும், உண்டவரை ஏன் இழித்தீர் என்று கேட்பதும் ஒரே போராட்டத்தின் இரு கைகள். சிட்லின் குறித்து அமெரிக்காவில் எழுந்த இரு குரல்களை இங்கே நினைவுகூரலாம்.

உணவைத் தம் பெயரிலேயே பதிவு செய்யும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. 2009இல் புனே பல்கலைக்கழகத்தின் சாவித்திரிபாய் புலே பெண்ணிய ஆய்வு மையம் தலித் உணவு நினைவுகளைத் தொகுத்து வெளியிட்டது. 2012இல் ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழக மாணவர்கள் மாட்டிறைச்சி விழா நடத்தி, வன்முறையையும் எதிர்கொண்டார்கள். 2015இல் சாகு பட்டோலே, மராத்வாடாவின் தலித் சமையலைப் பற்றி மராத்தியில் நூல் எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2024இல் வந்தது. நெய்யும் பாலும் வாங்க வழியில்லாத அடுக்களையில் இரத்தமும் குடலும் உலர்த்திய கறியும் எவ்வாறு சமைக்கப்பட்டன என்பதை, அவ்வடுக்களையில் உண்டு வளர்ந்தவரே எழுதினார். பர்ன்ஸின் கவிதைக்கு இருந்த வலிமையின் ஒரு பாதி இதில்தான் அடங்கியிருக்கிறது: உண்டவர் எழுதினார்.

துணிச்சலுக்காக உண்பதும் பசிக்காக உண்டதும்

இன்று ‘வினோத உணவு’ ஒரு வணிகம். ஹாகிஸ் தின்னத் துணிவுண்டா என்று பயணிகளை அழைக்கும் விளம்பரங்கள் ஏராளம். 1984இல் எடின்பரோவில் கவிதை நூலகம் ஒன்றின் திறப்பையொட்டி மக்ஸ்வீன் நிறுவனம் பருப்பும் தானியமும் கொண்ட சைவ ஹாகிஸை உருவாக்கியது. அதுவும் இப்போது நன்றாக விற்கிறது. அமெரிக்காவிலோ 1971 முதல் விலங்கின் நுரையீரலை மனித உணவாக விற்பதற்குத் தடை நிலவுவதால், மரபான ஹாகிஸ் அங்கே சட்டப்படி விற்பனைக்கு இல்லை. 2022இல் பிரிட்டனின் ஆட்டிறைச்சிக்கு அந்நாடு மீண்டும் கதவு திறந்தபோதும் நுரையீரல் தடை அப்படியே நின்றது. எது உணவு என்பதை நாவு மட்டும் முடிவு செய்வதில்லை; சட்டமும் சந்தையும் உடன் அமர்ந்து முடிவு செய்கின்றன.

புதிய உணவைச் சுவைப்பதில் தவறில்லை. ஹாகிஸையும் சிட்லினையும் அபுராகாசுவையும் வாய்ப்புக் கிடைத்தால் நாமும் உண்போம். ஆனால் ஒரு முறை துணிச்சலுக்காக உண்பவருக்கும், வேறு வழியின்றி வாழ்நாள் முழுதும் உண்டவருக்கும் இடையில் உள்ள தொலைவை மறக்கலாகாது. முன்னவருக்கு அது அனுபவம். பின்னவருக்கு அதே உணவு பசியாற்றியது; கூடவே அடையாளம் குத்தி ஒதுக்கவும் பயன்பட்டது. எளியோரின் உணவைப் புகழும் எந்தக் கட்டுரையையும் காணொளியையும் காணும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். நல்ல கறியை எடுத்துச் சென்றவர் யார்? குடலைக் கழுவியவர் யார்? இன்று அதை விற்றுப் பொருளீட்டுபவர் யார்?

இக்கேள்விகளை நம் கல்லூரி விடுதிகளின் உணவுப் பட்டியலிலிருந்தே தொடங்கலாம். அப்பட்டியலை வகுக்கும் குழுவில் யார் இருக்கிறார்கள், எவ்வுணவு அதில் ஒருபோதும் இடம்பெறுவதில்லை, எவ்வுணவை உண்ணும் மாணவர் அறைக்கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதைக் குறித்து வைப்போம். நம் பாட்டிமார் குடலைக் கழுவிய முறையையும், அதை எந்தப் பாத்திரத்தில் சமைத்தார்கள் என்பதையும், அப்போது அவர்களுக்கு நிலம் இருந்ததா என்பதையும் சேர்த்தே எழுதுவோம். சமையல் குறிப்பும் நிலத்தின் கணக்கும் ஒரே பக்கத்தில் இருந்தால்தான், நாளை அவ்வுணவு பெருமை பெறும்போது அதைச் சமைத்தவரும் அம்மேசையில் அமர்ந்திருப்பார்கள்.